ரயில் போகும்வரை நின்ற வசனம்

“...அப்ப உள்ளுக்குக் குளிக்கிற ஆரு மகள்?”

கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரின் முகாமையாளர் இப்படிக் கேட்டார். அவருடைய மேசையில் என் மடிக்கணினி திறந்திருந்தது. சற்று முன்தான் அதில் எங்கள் பேய்ப்படத்தின் முன்னோட்டம் ஓடி முடிந்து திரை கறுத்திருந்தது. அவர் ‘மகள்’ என்றது படத்தை எடுத்த பெண்ணை. அவள் என் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். முன்னோட்டத்தை வெட்டி ஒட்டியது நான். அந்த மனிதர் எங்களை ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பியவர். அதனால் அவர் கேட்டது நல்லதற்கா கெட்டதற்கா என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன்னால், கலியாண வீடியோ வெட்டுகிற நான் பேயிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகிற காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கலியாணங்களில் படம் பிடிப்பவர்கள் பிடித்ததைக் கொண்டுவந்து தருவார்கள். நான் வீட்டிலிருந்தபடி வெட்டிக் கோத்துக் கொடுப்பேன். இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போனில் கிடைத்த காணொளிகளைப் பார்த்து, பிழைவிட்டு, வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்கிப் பழகியது. இப்போது கலியாணத்துக்கும் முன்னோட்டம் கேட்கிறார்கள். ஒரு மாப்பிள்ளையின் தங்கச்சி எனக்குச் சொன்னாள்: “முழு வீடியோவ ஒருத்தரும் பாக்கப் போறேல்ல அக்கா. இந்த ரெண்டு நிமிசத்தில அம்மா அழோணும், அவ்வளவுதான்.” தொழிலைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

படம் எடுத்த பிள்ளை எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரி. வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவை இரவல் வாங்கி, ஒழுங்கை ஆட்களையே நடிக்க வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவான பேய்ப்படம் ஒன்றை எடுத்து முடித்திருந்தாள். கதை எளிமையானது. ஒரு தாயும் மகளும் ரயில் பாதையோரத்து வீட்டில் இருக்கிறார்கள். மகள் வெளியே போயிருக்கும் நேரங்களிலும் வீட்டுக்குள் மகள் இருக்கிற சத்தம் கேட்கிறது. கதவு சாத்தும் சத்தம், அலுமாரி திறக்கும் சத்தம், குளிக்கும் சத்தம்.

படம் முடிந்தபோது நான் அவளிடம் சொன்னேன். “போனில போட்டுவிடன். உலகம் முழுக்கப் பாக்கும்.”

“போனில எண்டா குசினிக்குள்ள நிண்டு பாப்பினம் அக்கா. பால் பொங்கினா பேயை விட்டிட்டு அடுப்புக்கு ஓடிடுவினம். எனக்கு இருட்டுக்குள்ள, பக்கத்தில ஆரெண்டே தெரியாத ஆக்களோட இருந்து பாக்கோணும். ஒரேயொருக்காக் காணும்.”

அந்த ஒரு தடவைக்காக அவள் கொழும்பில் ஏறி இறங்காத தியேட்டர் இல்லை. கடைசியில் கொட்டாஞ்சேனையில்தான் ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லாமல் இருந்தார். ஞாயிறு காலையில் வழக்கமான காட்சிகளுக்கு முன் மண்டபம் சும்மா கிடக்கிறது, தரலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. முன்னோட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அது அவருக்குப் பிடித்தால் இடைவேளைகளில் போடுவார், படத்துக்கும் ஞாயிறு கிடைக்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் வரத் தேவையில்லை.

இதற்குள் ஒழுங்கை முழுவதும் “எப்ப படம், எப்ப படம்” என்று கேட்கத் தொடங்கிவிட்டது. படத்தில் வரும் ஊர்வலத்தில் நடந்தவர், கேற்றைத் திறந்தவர், ஜன்னலால் தலையை மட்டும் நீட்டியவர் என்று எல்லோருக்கும் தங்களைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை வேலையால் வரும்போது மற்ற ஒழுங்கையால் சுற்றி வரத் தொடங்கினாள். அப்போதுதான் என்னிடம் வந்தாள்.

“நீங்கள் ட்ரெயிலர் வெட்டுறனீங்கள்தானே அக்கா.”

“நான் வெட்டுறது மணவறையடி.”

“ரெண்டிலயும் ஒரு பொம்பிளை பயந்துகொண்டுதான் இருக்கிறா.”

படத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

பேய்ப்படங்களின் முன்னோட்டங்களை நான் அதுவரை உன்னிப்பாகப் பார்த்தவளில்லை. வேலை என்று வந்த பிறகு குசினிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் உரித்தபடி பார்க்கத் தொடங்கினேன். முதலில் படமும் சத்தமுமாக. பிறகு சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும். இந்தக் கடைசி விதத்தில்தான் கத்தி வெங்காயத்தில் அப்படியே நின்றது.

பார்க்கப் பார்க்க, இவர்கள் செய்வதெல்லாம் எங்கள் தொழிலின் மறுபக்கம் என்று தெரிந்தது. கலியாணத்தில் ஆளை நடுவில் வைப்போம். பக்கத்தில் வெறும் இடம் விழுந்தால் குத்துவிளக்கை நகர்த்தியாவது அதை நிரப்புவோம். இவர்கள் ஆளை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மற்றப் பாதியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்த வெறுமையில் ஒரு கதவு, முழுதாகத் திறக்காமல், முழுதாகச் சாத்தாமல். ஆள் பேசிக்கொண்டே இருப்பார். யார் அவரைப் பார்க்கிறார்கள்? நம் கண் கதவை விட்டு வராது.

கமரா நகர்வதும் அப்படித்தான். நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக உள்ளே போகிறது. ஒரு தடவை நம்பாமல், போன் திரையில் தெரிந்த கதவு நிலையின் மேல் விரல் நகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிலை மெல்ல நகத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. நாம் கதிரையில்தான் இருக்கிறோம், ஆனாலும் யாரோ நம் முதுகில் கை வைத்து அந்தக் கதவை நோக்கி நடத்திக்கொண்டு போகிறார்கள்.

சத்தத்தில் இருக்கிற வேலை இன்னும் அதிகம். அடியில் ஒரு முழக்கம் ஓடுகிறது. காதுக்கு முன் வயிற்றுக்குத் தெரிகிற முழக்கம். எங்கள் வீட்டில் ரயில் வருவதற்கு முன் அலுமாரிக் கண்ணாடி நடுங்குமே, அந்த மாதிரி. மேலே சின்னச் சின்னச் சத்தங்களைப் பெரிதாக்கி வைக்கிறார்கள். சாவி திரும்புவது, நெருப்புக்குச்சி உரசுவது, ஒருவர் எச்சில் விழுங்குவது. பெரிய சத்தம் ஒன்று வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். அந்த வெறுமையில் நாமே காதைக் கூர்மையாக்கிக்கொண்டு முன்னால் குனிகிறோம். குனிந்த காதில் அடிக்கிறார்கள்.

தாலி கட்டும் இடத்தில் நானும் இதைச் செய்வதுண்டு. கெட்டிமேளத்துக்கு முன் ஒரு கணம் சத்தத்தை எடுத்துவிடுவேன். மாப்பிள்ளையின் விரல்கள் மட்டும் தெரியும். பிறகு மேளம். அம்மாமார் அழுவது அந்த மேளத்துக்கு அல்ல, அதற்கு முன்னால் இருக்கிற வெறுமைக்குத்தான் என்பது எனக்கு எப்போதோ தெரியும்.

வெட்டு முறையும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதலில் நீளமான துண்டுகள், ஒரு வீடு, ஒரு மரம், சிரிக்கிற குடும்பம். பிறகு துண்டுகள் குறுகுகின்றன. இன்னும் குறுகுகின்றன. ஓடுகிற கால், அலறும் வாய், உடையும் கண்ணாடி, இருட்டு. படத்தின் பெயர் வருகிறது. முடிந்தது என்று நாம் மூச்சை விடுகிறோம். விட்ட மூச்சு மேசையைத் தொடுவதற்குள் எங்கிருந்தோ ஒரு கை வந்து யாரையோ பிடிக்கிறது.

இப்படி நான் போனும் வெங்காயமுமாக இருந்த ஒரு ஞாயிறு பின்னேரம், படத்தில் தாயாக நடித்தவ என் வீட்டுக்கு வந்தா. அவ எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி. மலையகத்து அட்டன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து கனகாலம், காலி வீதியில் சேலைக் கடையொன்றில் விற்பனைக்கு நிற்கிறா. வாடிக்கையாளர்களைப் பற்றி அவ சொல்வதைக் கேட்பதற்காகவே நான் தேநீர் போடுவேன். “நான் விரிச்சுக் காட்டுறத ஒருத்தரும் பாக்க மாட்டாங்கக்கா. எனக்குப் பின்னால மடிச்சு வெச்சிருக்கே, அதத்தான் கேப்பாங்க. அதையும் விரிச்சா, அதுக்கு அடியில இருக்கறது.”

நான் முன்னோட்டம் ஒன்றை ஓட விட்டதும் அவ இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டா. கண் திறந்தே இருந்தது.

“பயமெண்டா கண்ணையெல்லோ மூடோணும்?”

“கண்ண மூடினா காது இன்னும் பெருசாயிடுதுக்கா. காத மூடிப் பாருங்க, எல்லாம் பொம்மைங்க. பாவமாக்கூட இருக்கும்.”

பொத்திப் பார்த்தேன். உண்மைதான். வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்த உருவம் பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி இருந்தது. கூட வந்திருந்த படக்காரப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பேய்ப்படத்தில கதாநாயகியா நடிச்சுப்போட்டு இவ காதைப் பொத்துறா.”

“உங்க படத்துல பேய் என்னைய பயமுறுத்தல தங்கச்சி. ‘இன்னொருக்கா, இன்னொருக்கா’ன்னு நீங்க போட்ட சத்தந்தான் இன்னும் தூக்கத்துல கேக்குது.”

பார்த்துப் பழகியதையெல்லாம் போட்டு நான் முதல் முன்னோட்டத்தை வெட்டினேன். நீளத் துண்டு, குறுந்துண்டு, அலறல், இருட்டு, பெயர், கை. சத்தங்களை வலையில் இலவசமாகத் தருகிறார்கள். இடி மாதிரி, இரும்புக் கதவு மாதிரி, பெயரில்லாத ஏதோ மிருகம் மாதிரி. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். எங்களுக்கு மிகவும் திருப்தி. ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

முகாமையாளர் மாளிகாவத்தைக்காரர். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் வைத்திருப்பார். வந்தவர்களுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் கதை. அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரை நானா என்று கூப்பிட்டோம். மண்டபத்தில் அவர் படம் பார்ப்பதில்லையாம். கடைசி வரிசைக்குப் பின்னால், வாசல் கதவோடு நின்று, சனங்களின் பிடரிகளைப் பார்ப்பாராம். “நான் பாக்குற ஜனத்தோட பொடரிய. படம் எப்பிடி எண்டு பொடரி செல்லும்.”

எங்கள் முன்னோட்டம் ஓடும்போதும் அவர் திரையைப் பாதியும் எங்களைப் பாதியுமாகப் பார்த்தார். இடி இடித்தபோது அவருடைய தோள் கொஞ்சம் துள்ளியது. நான் பக்கத்தில் இருந்தவளைக் கால் விரலால் தட்டினேன். ஓடி முடிந்ததும் அவர் பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

“மகள், இது பட்டாசு. றோட்டுல ஒருத்தன் பட்டாசு போட்டாலும் நான் துள்ளுவேன். துள்ளிப்போட்டு அவனுக்கு ரெண்டு வார்த்த ஏசுவேன். ஏசினாச் சரி, முடிஞ்ச. வீட்ட போய் அதப் பத்தி நெனக்கிறல்ல.”

“அப்ப பயம் எண்டா எப்பிடித் தெரியும் நானா?” என்று நான் கேட்டேன். உண்மையாகவே அறிய ஆசை.

“கச்சான் கடல திங்கிற சத்தம் நிக்கோணும். பேப்பர்ச் சுருளுக்குள்ள கை போகும். போன கை திரும்பி வராது. முழு ஹோலும் அப்பிடி நிண்டா, அது படம்.”

பிறகு அவளைப் பார்த்துக் கொஞ்சம் இளகிச் சொன்னார். “இன்னம் ஒருக்கா வாங்க. ஒருக்காத்தான். எனக்கும் மேல ஆள் இரிக்கி, பதில் செல்லணும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஓட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுக்கடை நீதிமன்றங்களைத் தாண்டும்போது ஒரு தடவை மட்டும் பேசினாள். “ஆக்களிட்ட என்னண்டு சொல்றது அக்கா? சனம் சீலை எடுத்து வச்சிருக்கு, படம் பாக்க வர.”

வீட்டுக்கு வந்து, அவள் எடுத்த அத்தனையையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். நல்லவற்றைப் பார்த்து முடித்துவிட்டு, ‘பழுது’ என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தவற்றையும் திறந்தேன்.

இங்கே எங்கள் ஒழுங்கையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயில் போகும்போது நாங்கள் பேச மாட்டோம். பேசினாலும் கேட்காது. அதனால் சொல்லிக்கொண்டிருந்த சொல்லின் நடுவில் அப்படியே நிறுத்தி, ரயில் முழுதாகப் போகும்வரை காத்திருந்து, போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவோம். மீனுக்கு விலை பேசுகிறவர்கள், பிள்ளைக்கு ஏசுகிறவர்கள், எல்லோரும் இப்படித்தான். எதிர்வீட்டு டீச்சர் ஒரு செத்த வீட்டில் ஒப்பாரியை ரயிலுக்காக நிறுத்திவிட்டு, பிறகு அதே இடத்திலிருந்து எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். இரத்மலானையிலிருந்து வருகிற என் மச்சாள் முதன்முதலில் எங்களைக் கண்டபோது, தன்னோடு கோபித்துக்கொண்டு பேச்சை முறித்துவிட்டோம் என்றே நினைத்தாளாம். எங்களுக்கு இது ஒரு பழக்கம் என்றே தெரியாது. தும்மும்போது கண் மூடுவது போல.

படப்பிடிப்புக்கு இது பெரிய தொல்லை. எந்த வசனத்தின் நடுவில் ரயில் வந்தாலும் நடிக்கிறவர்கள் கல்லாக நின்றுவிடுவார்கள். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ரயிலுக்கு மேலாகவும் பேசுங்கோ, பிறகு சத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சுவாள். தலையை ஆட்டுவார்கள். அடுத்த ரயிலுக்கு மறுபடி நிற்பார்கள். அப்படிப் பழுதானவைதான் அந்த ஒதுக்கலில் பாதிக்கு மேல்.

அதில் ஒன்று வீட்டுக்குள் இருக்கிற நடைபாதையில் எடுத்த காட்சி. கமரா முக்காலியில், அசையாமல். படச்சட்டத்தின் ஒரு ஓரத்தில் தாய், போனைக் காதில் வைத்தபடி. மற்றப் பக்கம் வெறுமையில் குளியலறைக் கதவு. உள்ளே மகள் குளிக்கிற சத்தம் கேட்கிறது. போனில் மகள் அழைத்து, தான் இன்னும் பஸ் தரிப்பிடத்தில்தான் நிற்கிறேன் என்கிறாள். அப்போது தாய் சொல்ல வேண்டிய வசனத்தை அந்தப் பிள்ளை முதலில் தன்னுடைய பேச்சில்தான் எழுதியிருந்தாள். “இத நான் சொன்னா பேயே சிரிச்சிரும் தங்கச்சி” என்று நடிக்க வந்தவ தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டா.

“நீ இன்னும் வீட்டுக்கு வரலியா? அப்போ உள்ள குளிக்கிறது...”

ரயில் வந்துவிட்டது. அவ நின்றா. போன் காதில் இருந்தபடி, வாய் கொஞ்சம் திறந்தபடி, சுட்டுவிரல் மட்டும் ‘பொறு’ என்பது போல மெல்ல உயர்ந்தது. கண் எங்கும் பார்க்கவில்லை. ரயில் எங்கள் பக்கத்தில் போனால் சுவரே பேசுகிற மாதிரி இருக்கும். அது போய்க்கொண்டே இருந்தது. படம் எடுத்த பிள்ளையும் எங்கள் ஒழுங்கைதானே. ‘கட்’ சொல்ல வாயைத் திறந்த அவளும் ரயிலுக்காக நின்றிருக்கிறாள். கமரா ஓடிக்கொண்டிருந்தது.

ரயில் போனது. நடைபாதையில் அமைதி. அப்போதுதான் நான் கதிரையோடு பின்னால் தள்ளிப் போனேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. ரயில் வருவதற்கு முன்னால் வாளியில் கோப்பை முட்டுவதும் தண்ணீர் விழுவதுமாக நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரயில் போன பிறகு, இல்லை. உள்ளே குளித்துக்கொண்டிருந்தது எதுவோ, அதுவும் தாய் சொல்லப்போவதைக் கேட்பதற்காகக் குளிப்பதை நிறுத்திவிட்டு நிற்கிறது.

இவ்வளவு பயந்த நான் பிறகுதான் நினைத்துக்கொண்டேன், உள்ளே இருந்தது நானே என்று. அந்த ஞாயிறு ஆள் குறைவு என்று என்னைக் குளியலறைக்குள் விட்டு, வாளியும் கோப்பையும் தந்து, தண்ணீரை வார்த்துக்கொண்டே இருங்கோ என்றிருந்தாள். நானும் சீலைக் கரையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வார்த்தேன். ரயில் வந்தது. கையில் நிறைந்த கோப்பையோடு நானும் நின்றுவிட்டேன். யாருமே சொல்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து விட்ட பிழை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் அவள் அதிலுள்ள பழுதைத்தான் பார்த்தாள். “வசனம் முடியேல்லையே அக்கா.” மறுபடி போட்டேன். மூன்றாம் தரம் அவள் கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டுக்கொண்டாள்.

முன்னோட்டத்தைப் புதிதாக வெட்டினோம். வெட்டியது என்பதை விட, வெட்டாமல் விட்டது என்று சொல்லலாம். இசை இல்லை. மத்தியான வெயிலில் ஒழுங்கை, கொடியில் காயும் பாவாடை, திறந்து கிடக்கும் கேற், மூன்றும் நீளமான துண்டுகள். தண்ணீர்ச் சத்தத்தை முதல் துண்டிலிருந்தே கேட்க விட்டேன், எங்கோ யாரோ குளிக்கிற மாதிரி. பார்ப்பவர் அதைக் கேட்டு, பழகி, மறந்துவிட வேண்டும். பிறகு நடைபாதை. அந்தத் துண்டின் நடுவில் கத்தியே வைக்கவில்லை. கணினியில் படத்தை மிக மெதுவாகப் பெரிதாக்கினேன். தாயின் முகத்தை நோக்கி அல்ல, கதவை நோக்கி. ரயில் வருகிறது, போகிறது. அமைதி. இருட்டு. பெயர்.

கை பழகிவிட்டதால் பெயருக்குப் பிறகு ஒரு இடியையும் வைத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

“அதை எடுங்கோ.”

“கடைசியில ஒண்டு வேணுமடி. எல்லாரும் போடுகினம்.”

“பட்டாசெண்டு சொன்னது மறந்துபோச்சே?”

இருவரும் ஒரு பின்னேரம் முழுவதும் இழுபட்டோம். நடுவில் வந்த ரயில்களுக்கு நிறுத்தி நிறுத்தி. கடைசியில் கீழ்மாடியில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவது என்று முடிவானது. அவ கடையால் வந்த அலுப்போடு மேலே ஏறி வந்து, கதிரையில் அமர்ந்து, தன்னுடைய படம்தான் என்று தெரிந்தும், ஓடத் தொடங்கியதும் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டா. பொத்திய கைக்குள்ளாலும் ரயில் கேட்டிருக்கும். ரயில் போனது. திரையில் இருந்த அவ விரலைத் தூக்கியபடி நின்றா. கதிரையில் இருந்த அவ முதலில் ஒரு கையை எடுத்தா. பிறகு மற்றக் கையையும் எடுத்தா. தலையைக் கொஞ்சம் சரித்து, கணினிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனா.

“தண்ணி ஏன் நின்னுச்சு?” என்றா, மிக மெதுவாக.

நான் இடியை எடுத்துவிட்டேன்.

இரண்டாம் தடவை கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது அவளுக்குப் புதிதாக ஒரு கவலை. “நானாவின்ர பக்கம் ரயில் இல்லையே அக்கா. ஏன் அந்த மனிசி கதையை நிப்பாட்டுறா எண்டு அவருக்கு விளங்குமோ? வசனத்தை மறந்திட்டா எண்டு நினைச்சா?” அது எனக்கும் இருந்த கவலைதான். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளுக்குப் பழகிய மனிதர் அவர். லொறிக்கு யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, குரலைத்தான் கூட்டுவார்கள்.

அவர் எங்களுக்குப் பெப்பர்மின்ட் தந்தார். தனக்கும் ஒன்றை எடுத்துக் கடதாசி பிரிக்கத் தொடங்கினார். நான் ஓட விட்டேன். ஒழுங்கை, பாவாடை, கேற். அவர் கடதாசியின் ஒரு முனையை முறுக்கி அவிழ்த்தார். நடைபாதை வந்தது. தாய் பேசத் தொடங்கினா, ரயில் வந்தது, தாய் நின்றா.

“வசனம் மறந்திட்டா போல” என்றார் அவர்.

ரயில் போய்க்கொண்டே இருந்தது, வெட்டும்போது இருந்ததை விட நீளமாக. பிறகு போய்விட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் சொல்லித் தந்தபடி அவரைத்தான் பார்த்தேன். மறுமுனையை அவிழ்க்கப் போன விரல்கள் கடதாசியில் இருந்தன. அவிழ்க்கவும் இல்லை, விடவும் இல்லை. திரை கறுத்து, பெயர் வந்து, பெயரும் போன பிறகும் அவை அங்கேயே இருந்தன. வெளியே ஒரு லொறி கட்டடத்தைக் குலுக்கிக்கொண்டு போனது. அந்த மனிதர் லொறி போகும்வரை பேசாமல் இருந்தார்.

அதற்குப் பிறகுதான், தாய் விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தானே எடுத்து முடிப்பவர் போல அவர் கேட்டார்.

“...அப்ப உள்ளுக்குக் குளிக்கிற ஆரு மகள்?”

நான்தான் நானா என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவள் என் காலைச் செருப்போடு மிதித்தாள்.

“படத்தைப் பாத்தாத் தெரியும் நானா” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரிக்காத பெப்பர்மின்டைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டார். எழும்பி, தன்னுடைய கதிரைக்குப் பின்னால் பாதி திறந்து கிடந்த கழிவறைக் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். விளக்கைப் போட்டு, அதை எரிய விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஞாயித்துக்கெழம காலக் காட்சி” என்றார். “ஆனா மொதல்ல இதப் பெரிய தெரயில எனக்கு ஒருக்காப் பாக்கோணும்.”

முன்னோட்டம் இருந்த பென்டிரைவை என்னிடம் வாங்கிக்கொண்டு, மேலே படம் ஓட்டுகிற ஒபரேட்டருக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எங்களை வெறும் மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், நடு வரிசையில் இருக்கச் சொன்னார். நாங்கள் கைப்பை வைப்பதற்காக எங்களுக்கு நடுவில் ஒரு கதிரையை விட்டு அமர்ந்தோம். விளக்குகள் அணையத் தொடங்கின. அவர் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் பின்னால், வாசல் கதவடிக்குப் போய் நின்றார். முதல் துண்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அங்கிருந்து இருட்டுக்குள் நடந்து வந்து, எங்கள் கைப்பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த கதிரையில் அமர்ந்துகொண்டார்.